ஆம்பூர்ப் போர் யாருடைய போர்?

1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் நடந்த சண்டையை 'ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த இரண்டாம் கர்நாடகப் போரின் தொடக்கம்' என்றுதான் பள்ளியில் உருப்போட்டோம். போட்டித் தேர்வுக் கையேடுகளிலும் இன்றுவரை அதே பல்லவிதான்.

அன்று ஆம்பூரில் ஆங்கிலேயப் படையே இல்லை. அந்தக் கோடையில் கும்பினிப் பட்டாளம் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் தேவிக்கோட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் தஞ்சை அரியணைக்கு உரிமை கேட்ட ஒருவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு! ஐரோப்பாவிலோ இரு நாடுகளும் 1748இலேயே சமாதானம் ஆகிவிட்டன.

அப்படியானால் சண்டை யாருக்குள்? அதன் வேர் எங்கள் கங்காதர நெல்லூர் வட்டாரத்தை ஒட்டியே கிடக்கிறது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே உள்ள தாமலசெருவுக் கணவாயில் 1740இல் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி மராட்டியரோடு போரிட்டு மாண்டார். மகன் சப்தர் அலியை 1742இல் வேலூரில் சொந்த மைத்துனரே தீர்த்துக்கட்டினார். சிறுவனான பேரனும் 1744இல் கொலையுண்டான். ஆர்க்காட்டுக்கு மேலதிகாரியான ஐதராபாத் நிஜாம் அமர்த்திய அன்வருதீன் நவாப் ஆனார். மராட்டியர் சிறையிலிருந்து மீண்ட தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப் சும்மா இருப்பாரா? 1748இல் நிஜாம் கண்மூடியதும் அவருடைய மகன் நாசிர் ஜங்குக்கும் மகள்வழிப் பேரன் முசாபர் ஜங்குக்கும் வாரிசுத் தகராறு. முசாபரும் சந்தா சாகிப்பும் அன்வருதீனுக்கு எதிராகக் கைகோத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆதாயம் பார்த்து வந்த துணைப்படை. வென்றதும் வில்லியனூர் முதலிய ஊர்கள் அவர்களுக்குக் கிடைத்தன.

'விரல்விட்டு எண்ணும் வெள்ளையர் பெரும்படையை ஊதித் தள்ளினர்' என்பது அடுத்த கதை. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தரும் கணக்கிலேயே, சந்தா சாகிப் தரப்பில் ஏறத்தாழ 40,000 பேர். அன்வருதீனிடம் அதில் பாதிதான். பீரங்கிகளோடு அரணமைத்து நின்ற அவருடைய படை பிரெஞ்சுத் தாக்குதலை இரண்டு முறை திருப்பியடித்தது. மூன்றாம் முறைதான் அரண் உடைந்தது. தள்ளாத வயதில் யானைமீதிருந்து போரிட்ட அன்வருதீன் குண்டடிபட்டு விழுந்தார். மூத்த மகன் மாபூஸ் கான் பிடிபட்டார்.

ஆம்பூரோடு கர்நாடகத்தின் தலைவிதி முடிவாகிவிட்டது என்பதும் பொருந்தாது. அன்வருதீனின் இன்னொரு மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பினார். அவரை உடனே துரத்தாமல், பணத்துக்காகத் தஞ்சாவூரை முற்றுகையிட்டுக் காலத்தை வீணடித்தார் சந்தா சாகிப். 1752இல் அவர் தலையை வெட்டச் சொன்னவர் தஞ்சைத் தளபதி மானோஜி. முகமது அலியோ 1795 வரை நவாப்.

பாடநூல் எழுதுவோர் ஆம்பூரை ஆர்க்காட்டு வாரிசுப் போர் என்ற தலைப்பின் கீழ் வைக்கட்டும். வெள்ளைக்காரர் பெயர்கள் அதற்குப் பிறகு வந்தால் போதும்.