அரிசி மூட்டைக்கு வரி வேண்டாம்
அமெரிக்க மாநிலங்களின் மளிகை வரி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் 20 டாலருக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கும் குடும்பம், கல்லாவைத் தாண்டுவதற்குள் 1 டாலர் 60 சென்ட் வரி கட்டிவிடுகிறது. மாநிலத்துக்கு 2 சதவீதம், நகரத்துக்கு 4, கவுண்டிக்கு 2. காரில் நான்கு மணி நேரம் தெற்கே போனால் ஃபுளோரிடாவின் பென்சகோலா. அங்கே அதே அரிசிக்கு ஒரு சென்ட்கூட வரி கிடையாது.

அமெரிக்காவில் விற்பனை வரி மத்திய அரசின் கையில் இல்லை. அதை மாநிலங்களும் உள்ளூர் நிர்வாகங்களும் விதிக்கின்றன. அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகன் ஆகிய ஐந்திலும் மாநில விற்பனை வரியே இல்லை. மற்ற 45இல் பெரும்பாலானவை வீட்டில் சமைக்க வாங்கும் உணவுப் பொருளுக்கு மாநில வரியிலிருந்து விலக்கு அளித்துவிட்டன. 2026 தொடக்கத்தில் அலபாமா, ஹவாய், ஐடஹோ, மிசிசிப்பி, மிசூரி, சவுத் டகோட்டா, டென்னசி, யூட்டா ஆகிய எட்டு மாநிலங்கள் இன்னும் மளிகைக்கு வரி வாங்குகின்றன. இதை எடுத்துவிட்டால் பள்ளிக்கும் சாலைக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று அங்கெல்லாம் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. நுகர்வோர் நலனுக்காக இயங்கும் இந்த அமைப்பு அதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது: மளிகை வரி முழுமையாக நீங்க வேண்டும். அந்த இழப்பை வருமானத்துக்கும் சொத்துக்கும் ஏற்ப விதிக்கும் வரிகளிலிருந்து ஈடுகட்ட வேண்டும். வருமான வரியைக் குறைப்பதற்காக மளிகை வரியை உயர்த்தும் எந்தத் திட்டத்தையும், அது என்ன பெயரில் வந்தாலும், அமைப்பு எதிர்க்கும்.

சுமை யார் தோளில்?

பர்மிங்ஹாமில் இரண்டு குடும்பங்களை எண்ணிப் பார்க்கலாம். ஒன்றின் மாத வருமானம் 2,000 டாலர். மளிகைக்கு 600 டாலர் செலவழிக்கிறது. மற்றொன்றின் வருமானம் 20,000 டாலர். மளிகைச் செலவு இருமடங்கு, 1,200 டாலர். 8 சதவீத வரியில் முதல் குடும்பம் 48 டாலர் கட்டுகிறது, இரண்டாவது 96 டாலர். தொகையில் பணக்காரக் குடும்பம் கூடுதலாகக் கட்டுவது உண்மைதான். ஆனால் வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் முதல் குடும்பம் தருவது 2.4 சதவீதம், இரண்டாவது தருவது அரை சதவீதத்துக்கும் குறைவு. வருமானம் பத்து மடங்கு ஆனாலும் வயிறு பத்து மடங்கு ஆவதில்லை.

ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் இதை 1857ஆம் ஆண்டிலேயே கணக்கெடுத்துக் காட்டினார். குடும்ப வருமானம் ஏற ஏற, அதில் உணவுக்குப் போகும் பங்கு இறங்கும். இன்றைய அமெரிக்காவும் இதற்கு விலக்கல்ல. 2023இல் மிகக் குறைந்த வருமானமுள்ள ஐந்தில் ஒரு பகுதிக் குடும்பங்கள் வரி போகக் கையில் நின்ற பணத்தில் சுமார் 33 சதவீதத்தை உணவுக்குச் செலவிட்டன என்கிறது அமெரிக்க வேளாண் துறை. மிக உயர்ந்த வருமானமுள்ள ஐந்தில் ஒரு பகுதிக்கு அது சுமார் 8 சதவீதம்தான்.

மாநில, உள்ளூர் வரிகள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தாலும் இதே சாய்வுதான். வரி மற்றும் பொருளாதாரக் கொள்கை நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, அடித்தட்டு 20 சதவீதத்தினர் தங்கள் வருமானத்தில் சராசரியாக 11.4 சதவீதத்தை இந்த வரிகளாகக் கட்டுகிறார்கள். உச்சத்திலுள்ள ஒரு சதவீதத்தினர் கட்டுவது 7.2 சதவீதம்.

வரி வந்த வழி

மளிகை வரிக்கு ஒரு வரலாறு உண்டு. அதை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையாகாது.

பெருமந்தக் காலம்வரை மாநில, உள்ளூர் அரசுகளின் முதுகெலும்பாக இருந்தது சொத்து வரி. பருத்தி விலை சரிந்தபோது மிசிசிப்பி விவசாயியிடம் நிலம் இருந்தது, கையில் காசு இல்லை. 1932 ஏப்ரலில் ஒரே நாளில் அம்மாநில நிலத்தில் நான்கில் ஒரு பங்கு ஏலத்துக்கு வந்ததாக வரலாற்று நூல்கள் பதிந்திருக்கின்றன. அதே ஆண்டில்தான் மிசிசிப்பி 2 சதவீதப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தன. சொத்து வரி கண்மூடித்தனமாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1932 சான்று. ஆனால் நிலத்தைக் காக்க வந்த அவசர வரி பிறகு சமையலறையிலேயே குடியேறிவிட்டது. மிசிசிப்பியில் உணவு மீதான வரி 7 சதவீதம்வரை ஏறி நின்றது. அது 5 சதவீதமாகக் குறைந்தது 2025 ஜூலையில்தான்.

கான்சஸ் கற்ற பாடம்

வருமான வரிக்கும் மளிகை வரிக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள கான்சஸைப் போல வேறொரு பாடம் இல்லை.

2012இல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் வருமான வரியை ஆழமாக வெட்டினார். உச்ச விகிதம் 6.45 சதவீதத்திலிருந்து 4.9க்கு இறங்கியது. உரிமையாளரின் தனிநபர் கணக்கில் சேரும் தொழில் லாபத்துக்கு மாநில வரி அறவே நீங்கியது. பொருளாதாரம் வளர்ந்து வருவாய் தானே வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. கஜானா காலியானது, மாநிலத்தின் கடன் மதிப்பீடு இறங்கியது. 2015இல் பற்றாக்குறையை அடைக்க சட்டமன்றம் கைவைத்த இடம் விற்பனை வரி. 6.15 சதவீதமாக இருந்தது 6.5 ஆனது. பாலும் ரொட்டியும் அதில் அடக்கம். ஏழைக் குடும்பங்களுக்கு முன்பு கிடைத்துவந்த உணவு வரி ரீஃபண்டும் இதற்குள் சுருங்கிப்போயிருந்தது. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவர்களுக்கு அது பயன்படாமல் போனது.

தொழில் லாபத்துக்கு விட்ட வரியை, சந்தைக்குக் கூடையோடு போனவர்கள் கட்டினார்கள்.

2017இல் ஆளுநரின் தடையதிகாரத்தையும் மீறி, அவரது சொந்தக் கட்சி பெரும்பான்மை வகித்த சட்டமன்றமே அந்த வெட்டுகளைத் திரும்பப் பெற்றது. பிறகு வந்த ஆளுநர் லாரா கெல்லியின் காலத்தில் இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டப்படி, உணவு மீதான மாநில வரி 2023இல் 4 சதவீதம், 2024இல் 2 சதவீதம், 2025 ஜனவரி 1 முதல் பூஜ்யம் என்று படிப்படியாக இறங்கியது. வருமான வரி நிமிர்ந்த பிறகே மளிகை வரி இறங்க வழி பிறந்தது என்பதை இந்த அமைப்பு குறித்துக்கொள்கிறது.

இதே பண்டமாற்றை யூட்டா 2019 டிசம்பரில் முயன்றது. வருமான வரி 4.95 சதவீதத்திலிருந்து 4.66க்கு இறங்கும்; உணவு மீதான மாநில வரி 1.75இலிருந்து 4.85க்கு ஏறும். மக்கள் சும்மா இருக்கவில்லை. சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு விடக் கோரி கையெழுத்து வேட்டை தொடங்கினார்கள். ஒரு பெரிய மளிகைக் கடைத் தொடர் தன் வாசலிலேயே கையெழுத்து மேசைகளுக்கு இடம் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் குவிந்தன. 2020 ஜனவரி முடிவதற்குள் சட்டமன்றம் தன் சட்டத்தைத் தானே ரத்து செய்தது.

மிசிசிப்பியின் 2025 சட்டம் இன்னொரு எச்சரிக்கை. மளிகை வரியைக் குறைத்த அதே சட்டம் பெட்ரோல் வரியை மூன்று தவணைகளில் 9 சென்ட் உயர்த்துகிறது. வருமான வரியைக் காலப்போக்கில் ஒழிக்கவும் வழி செய்கிறது. செனட் அனுப்பிய வரைவில் தசமப் புள்ளிகள் இடம் மாறியிருந்தன. வருமான வரியை மேலும் குறைக்குமுன் மாநில வருவாய் எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதனால் பெயரளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த வரைவே சட்டமாகிவிட்டது. வருமான வரி மறைந்தால், வருவாய் குறையும் ஆண்டில் சட்டமன்றத்தின் கண் மறுபடி எங்கே போகும் என்பதற்கு கான்சஸ் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது.

சொத்து வரியும் வருமான வரியும்

டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. 2014இல் மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்திலேயே அதைத் தடுத்துவிட்டார்கள். வட்டிக்கும் பங்கு ஈவுக்கும் இருந்த ஹால் வரியும் 2021 ஜனவரியோடு முடிந்தது. உணவுக்கு 4 சதவீத மாநில வரி மட்டும் தொடர்கிறது. 2023இல் மூன்று மாதம் விடுமுறை கொடுத்துவிட்டு நவம்பரில் மீண்டும் வசூலிக்கத் தொடங்கினார்கள். பங்கு ஈவுக்கு நிரந்தர விலக்கு, அரிசிக்கு மூன்று மாத விடுமுறை. இந்த வரிசை தலைகீழானது.

வருமான வரி இல்லாததால் வேறு வழியில்லை என்ற வாதமும் எடுபடாது. டெக்சாசிலும் ஃபுளோரிடாவிலும் வருமான வரி இல்லை; மளிகைக்கும் வரி இல்லை.

அலபாமாவில் தடை வேறு வகை. அங்கே நாட்டிலேயே மிகக் குறைந்த சொத்து வரிகளில் ஒன்று நடப்பில் உள்ளது. அதன் உச்சவரம்புகள் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டவை. பெரும் மரக்காடுகளுக்குக்கூட அற்ப வரிதான். இதை மாற்ற 2003இல் முயன்ற ஆளுநர் பாப் ரைலி, வரி உயர்வுகளை எதிர்த்தே பெயர் வாங்கிய பழமைவாதி. அப்போது நான்கு பேர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 4,600 டாலர் சம்பாதித்தாலே வருமான வரி தொடங்கிவிடும். அந்த வரம்பை உயர்த்தி, சொத்து வரியைக் கூட்ட அவர் திட்டமிட்டார். செப்டம்பர் 9 வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். மேலும், மத்திய அரசுக்குக் கட்டிய வருமான வரி முழுவதையும் மாநிலக் கணக்கில் கழித்துக்கொள்ள அலபாமா அனுமதிக்கிறது. அதிகம் சம்பாதிப்பவருக்கே இது அதிகம் உதவும். மளிகை வரியை எடுத்தால் பணம் எங்கே என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சொத்து வரியால் வீடு மட்டுமே சொத்தாக உள்ள ஓய்வூதியருக்கு வரும் அச்சத்தையும் இந்த அமைப்பு மதிக்கிறது. அந்த அச்சம் பெருகித்தான் 1978இல் கலிஃபோர்னியாவில் சொத்து வரிக்குப் பொது உச்சவரம்பு விதித்த 13ஆம் முன்மொழிவு வென்றது. அதற்கு நல்ல மருந்து 1964இலேயே விஸ்கான்சினில் பிறந்துவிட்டது. மின்சாரம் மிகும்போது தானே துண்டிக்கும் சாதனத்தின் பெயரைச் சூட்டி அதை சர்க்யூட் பிரேக்கர் என்கிறார்கள். சொத்து வரி குடும்ப வருமானத்தில் ஒரு வரம்பைத் தாண்டினால், மிகுதியை அரசு திருப்பித் தரும். மாளிகைக்கும் சலுகை தரும் பொது உச்சவரம்பைவிட இது நியாயமானது.

எதிர்வாதங்கள்

மத்திய அரசின் உணவு உதவித் திட்டமான ஸ்நாப் மூலம் வாங்கும் பொருளுக்கு எந்த மாநிலமும் விற்பனை வரி போட முடியாது. ஆகவே ஏழைகள் ஏற்கெனவே காப்பாற்றப்பட்டவர்கள் என்கிறார்கள். ஆனால் உதவித்தொகை மாதக் கடைசிவரை போதாத குடும்பம், மீதி நாட்களுக்குச் சொந்தப் பணத்தில் வாங்கும்போது வரி கட்டத்தான் செய்கிறது. தகுதி வரம்பைச் சில டாலர்களில் தாண்டிய தொழிலாளிக்கு அந்தக் காப்பும் இல்லை.

பணக்காரருக்கும் விலக்குப் போவது வீண், வரியை வாங்கி ஏழைக்குத் திருப்பித் தந்தால் போதும் என்பது வலுவான வாதம். ஐடஹோ திருப்பித் தரும் வழியைத்தான் பின்பற்றுகிறது, ஏழைக்கு மட்டும் என்றில்லாமல். 6 சதவீத வரியை வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஆண்டுக்கு 155 டாலர் திருப்பித் தருகிறது. கணக்குப் போட்டால் அது மாதம் சுமார் 215 டாலர் மளிகைக்கான வரியை ஈடுசெய்கிறது. ஆனால் வரி இன்றைக்குப் போகிறது. திருப்பித் தரும் தொகை அடுத்த ஆண்டு படிவம் நிரப்பினால் வருகிறது. படிவம் நிரப்பாதவருக்கு வருவதேயில்லை. வரியை உடனே எடுக்க முடியாத இடத்தில் இடைக்கால ஏற்பாடாக மட்டும் அமைப்பு இதை ஏற்கிறது.

உள்ளூர் நிர்வாகங்களின் கவலை உண்மையானது. இல்லினாயின் 1 சதவீத மாநில மளிகை வரி 2026 ஜனவரியில் முடிந்தது. அந்தப் பணம் நகரங்களுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆகவே அதே 1 சதவீதத்தை உள்ளூரிலேயே விதிக்க நகரங்களுக்குச் சட்டம் அனுமதி தந்தது. நூற்றுக்கணக்கான ஊர்கள் விதித்துவிட்டன. மாற்று நிதி தராத விலக்கு வாடிக்கையாளரின் பில்லில் எதையும் மாற்றாது.

கோரிக்கைகள்

1. எட்டு மாநிலங்களும் உணவு மீதான மாநில வரியை, ஆண்டுகளைச் சட்டத்திலேயே குறிப்பிட்டு, கான்சஸ் வழியில் படிப்படியாக நீக்க வேண்டும்.

2. மளிகை வரி உயர்வையோ விரிவாக்கத்தையோ வருமான வரிக் குறைப்புக்கு ஈடாக வைக்கும் மசோதாக்களை நிராகரிக்க வேண்டும்.

3. இழப்பை உயர் வருமானத்தின் மீதான வரி, அலபாமாவில் உள்ளது போன்ற கழிவுகளின் நீக்கம், பெருநிலங்களின் நியாயமான மதிப்பீடு ஆகியவற்றால் ஈடுகட்ட வேண்டும். சொத்து வரி உயரும் இடத்தில் வருமானத்தோடு இணைந்த சர்க்யூட் பிரேக்கர் கட்டாயம்.

4. நகரங்களும் கவுண்டிகளும் இழக்கும் தொகைக்கு மாநிலம் ஈடு தர வேண்டும். ஈடு பெற்ற இடத்தில் உள்ளூர் மளிகை வரியும் நீங்க வேண்டும்.

5. ‘உணவுப் பொருள்’ என்பதற்குத் துல்லியமான வரையறை வேண்டும். சவுத் டகோட்டாவில் 2024இல் தோற்ற முன்மொழிவு, மதுவும் தயாரித்த உணவும் தவிர, மனிதர் உட்கொள்ள விற்கும் எதற்கும் விலக்கு என்று எழுதப்பட்டிருந்தது. புகையிலைக்கும் அது பொருந்துமா என்ற சர்ச்சையே எதிர்ப்புக்கு வலுச்சேர்த்தது.

இந்த மாநிலங்களில் வாழும் வாசகர்கள், தமிழ்க் குடும்பங்கள் உட்பட, அடுத்த முறை மளிகை வாங்கும்போது பில்லின் அடிப்பகுதியைப் பாருங்கள். ஒரு மாதத்து பில்களைச் சேர்த்து வரியை மட்டும் கூட்டுங்கள். உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு அந்தத் தொகையைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அலபாமாவில் 4 சதவீதமாக இருந்த மாநில மளிகை வரி 2023 செப்டம்பரில் 3 ஆனது, 2025 செப்டம்பரில் 2 ஆனது. மீதமுள்ள இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள்.