எப்பொழுதோ ஒன்று

உடலுறுதி பெறல் வேண்டும் என்னும் வேட்கை நம் மாணவரிடையே வளர்ந்து வருதல் கண்டு மகிழாதார் இலர். வைகறையில் எழுந்து ஓடுவோரும், மாலையில் தண்டாலும் பஸ்கியும் பழகுவோரும், பளுதூக்கித் தோளையும் மார்பையும் திருத்துவோரும் விடுதிதோறும் உளர். இவர்கள் முட்டையையும் பருப்பையும் எண்ணி உண்கின்றனர். உறங்கும் நேரத்தையும் கணக்கிடுகின்றனர். இத்துணை விழிப்புடையோருள்ளும் சிலர், வாரக் கடைசியில் நண்பர் கூட்டத்தில் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கத் தயங்குவதில்லை. வினவினால், "நாள்தோறுமா பிடிக்கிறோம்? எப்பொழுதோ ஒன்று, அதனால் என்ன குறைந்துவிடும்?" என்பர். இவ்வினா எள்ளி ஒதுக்கத்தக்கதன்று. இதற்கு நேர்மையான விடை காண்பதே நம் கடமையாகும்.

முதற்கண், மிகைபடக் கூறுதலை விலக்குவோம். ஒரு சிகரெட்டு திரண்ட தோளை ஓரிரவில் உருக்கிவிடாது. உருக்கிவிடும் என்று அச்சுறுத்துவோமாயின், இளைஞர் அதனைப் பொய்யென்று கண்டு, பின்னர் நாம் கூறும் மெய்யையும் நம்பாது விடுவர். ஆதலின் உள்ளதை உள்ளவாறே ஆராய்தல் வேண்டும்.

தசை நெடுநேரம் உழைப்பதற்குப் பிராணவாயு இன்றியமையாதது. அதனை நுரையீரலிலிருந்து சுமந்து செல்வது, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செம்பொருள். புகையிலைப் புகையிலோ கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேற்பட்ட வலிமையுடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். சரக்கேற்ற வேண்டிய வண்டியில் அயலான் ஏறி அமர்ந்துகொண்டால் சரக்கிற்கு இடம் ஏது? ஏறியவன் எளிதில் இறங்குவதும் இல்லை. ஓய்ந்திருக்கும் உடலில் அவ்வாயு பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 4 அல்லது 5 மணி நேரம் செல்லும். இதனுடன் நிகோடின் சேர்ந்து நெஞ்சத் துடிப்பை விரைவுபடுத்திக் குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றது. ஆகவே, மாலை 4 மணிக்குப் புகைத்து 5 மணிக்கு மைதானத்தில் இறங்குவோன், குறைந்த பிராணவாயுவும் மிகுந்த துடிப்பும் உடையவனாய் ஓடத் தொடங்குகின்றான். வாளா வீற்றிருப்பவன் இவ்விழப்பை உணரான். தன் ஆற்றலின் எல்லைவரை முயல்பவனே உணர்வான். எனவே, "பயிற்சி செய்யும் உடல் புகையைத் தாங்கும்" என்பது தலைகீழான எண்ணமேயாம்.

இனித் தசை வளர்ச்சியை நோக்குவோம். பயிற்சி தசையைத் தூண்டுகின்றது. அத்தூண்டுதலுக்குப் பின் வரும் ஓய்விலும் உறக்கத்திலும், உண்ட புரதத்தைக் கொண்டு தசை தன்னைப் புதுப்பித்து வளர்கின்றது. நாளொன்றுக்கு 20 சிகரெட்டுக்குக் குறையாமல் 20 ஆண்டுகள் புகைத்தோரை ஆராய்ந்த முடிவுகள் 2007-ஆம் ஆண்டில் வெளியாயின. புகையாதோரை நோக்க அவர்தம் தசைகள் மெதுவாகவே புரதம் ஆக்கின என்பதும், தசை வளர்ச்சியைத் தடுக்கும் மையோஸ்டேட்டின் என்னும் பொருளுக்கான தூண்டுதல் அவரிடம் மிகுந்திருந்தது என்பதும் அவற்றால் புலனாயின. அவர்கள் பெரும்புகையர். வாரத்திற்கு ஒன்று பிடிப்போனுக்கும் அதே அளவு தீங்கு என்று கூறுதல் முறையன்று. ஆயினும் அப்பாதை எத்திசையிற் செல்கின்றது என்பது தெளிவு. வளர்க்கவென்று நாளெல்லாம் உழைப்பவன், அவ்வளர்ச்சிக்குப் பகையானதைக் காசு கொடுத்து வாங்குதல் அறிவுடைமையாகுமா?

"சிறிது புகைத்தால் சிறிதே தீங்கு" என்பாரும் உளர். நெஞ்சத்தைப் பொறுத்தமட்டில் இக்கணக்குப் பொய்க்கின்றது. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2018-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஒரு கட்டுரை, நாளொன்றுக்கு ஒரே சிகரெட்டு பிடிப்போருக்கு மிகுதிப்படும் இதயநோய் ஆபத்து, 20 சிகரெட்டு பிடிப்போருக்கு மிகுதிப்படுவதில் ஏறத்தாழப் பாதி என்று காட்டிற்று. இருபதில் ஒரு பங்கு புகைக்கு இருபதில் ஒரு பங்கு ஆபத்து அன்று! இது நாளும் ஒன்று பிடிப்போரைப் பற்றியதே. எனினும், ‘சிறிது’ என்னும் சொல் எத்துணை ஏமாற்ற வல்லது என்பதற்கு இஃது ஒன்றே சான்றாகும்.

‘எப்பொழுதோ’ என்னும் சொல்லும் அத்தகையதே. அதற்கு வரம்பு இல்லை. இன்று நண்பன் பிறந்தநாள். நாளை தேர்வு முடிந்த மகிழ்ச்சி. மறுநாள் தேர்வில் தவறிய துயரம். நிகோடின் வேட்கையைப் பிறப்பிக்கும் பொருளாதலின், காரணங்கள் தாமே பெருகும். நாள்தோறும் புகைப்போர் யாரும் முதல் நாளே அவ்வாறு தொடங்கினாரல்லர். நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம், கல்வி நிலையங்களைச் சூழ 100 கஜத்திற்குள் சிகரெட்டு விற்றலைத் தடுக்கின்றது. சட்டம் வாயிலுக்கு வெளியே வேலியிடும். நண்பர் நீட்டும் கைக்கும் நமக்கும் இடையே வேலியிட வல்லவர் நாமே.

மறுத்தால் நட்புக் கெடுமோ என்று அஞ்சற்க. ஒரு குவளைத் தேநீரிலும் நட்பு வளரும். விட்டவனுக்கு உடலும் விரைவில் கைம்மாறு செய்கின்றது. ஒரு நாளளவில் இரத்தத்திலுள்ள நச்சுவாயு பெரும்பாலும் நீங்கிவிடும். நூறு தண்டால் எடுக்க வல்ல இளைஞருக்கு, "வேண்டா" என்னும் ஒரு சொல்லை எடுத்துரைத்தல் அரிதாகுமோ? அதுவும் நாளும் பழகத்தக்க பயிற்சியே என்று கொள்வோமாக.