வானத்தில் ஈரப்பதத்தை அளப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? பலூன் கருவி ஏமாந்த கதை!

'வறண்ட காற்று ஊடுருவியதால் புயல் வலுவிழந்தது.' வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அடிக்கடி காதில் விழும் செய்தி இது. சரி, பல கிலோமீட்டர் மேலே இருக்கும் காற்று வறண்டதா, ஈரமானதா என்று எப்படித் தெரியும்? செயற்கைக்கோளும் சொல்லும். ஆனால் நேரில் போய்த் தொட்டுப் பார்த்துச் சொல்வது பலூன்தான்.

சென்னை மீனம்பாக்கம், காரைக்கால் உட்பட உலகம் முழுக்க பல நூறு நிலையங்கள், ரேடியோசோன்ட் என்ற குட்டிக் கருவியைக் கட்டி பலூன் விடுகின்றன. சுமார் 30 கி.மீ. உயரத்தில் பலூன் வெடிக்கும் வரை தகவல் வந்துகொண்டே இருக்கும். இதுல வெப்பநிலையை அளப்பது ஓரளவு ஈஸி. ஈரப்பதம்தான் தலைவலி.

என்ன சிக்கல்?

30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 50 டிகிரியில் 0.04 கிராம்கூட தாங்காது. இரண்டையும் ஒரே சென்சார் அளக்க வேண்டும்!

அந்த சென்சார், நீராவியை உறிஞ்சும் மெல்லிய பாலிமர் படலம். உறிஞ்சும் அளவைப் பொறுத்து அதன் மின்தேக்குத் திறன் மாறும். கடுங்குளிரில் இது மந்தமாகிவிடும். பலூனோ நிமிடத்துக்கு 300 மீட்டர் ஏறிக்கொண்டிருக்கும். வெயில் பட்டால் சென்சார் சூடாகி, காற்றை இருப்பதைவிட வறண்டதாகக் காட்டும். மேகத்துக்குள் நனைந்தால் நேர்மாறு.

பேக்கிங் செய்த வேலை

1992-93ல் மேற்கு பசிபிக்கில் 'டோகா கோர்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதில் பறந்த வைசாலா ஆர்.எஸ்.80 கருவிகள் ஈரப்பதத்தைக் குறைத்தே காட்டியது பிறகு தெரியவந்தது. காரணம் வானத்தில் இல்லை, பேக்கிங்கில்! அதிலிருந்து கசிந்த வேதிப்பொருள் பாலிமரில் போய் உட்கார்ந்து, நீராவிக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதனால் இடிமழைக்குத் தயாராக இருந்த காற்று, தரவில் சாதுவாகத் தெரிந்தது. திருத்திய பிறகுதான் உண்மை நிலவரம் புரிந்தது.

இப்போ எப்படி?

பின்னர் வந்த ஆர்.எஸ்.92ல் இரண்டு சென்சார்கள். ஒன்று அளக்கும்போது மற்றொன்றைச் சூடாக்கி ஈரத்தை விரட்டுவார்கள். ஆர்.எஸ்.41ல் சென்சாரின் சொந்த வெப்பநிலையையே அளந்து, வெயில் பிழையைக் கழிக்கிறார்கள்.

ஆனால் பழைய பதிவுகள்? கருவி மாறிய தேதியை கவனிக்காமல் வரைபடம் போட்டால், வானமே திடீரென ஈரமானது போலத் தோன்றும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான், ஜெர்மனியின் லிண்டன்பெர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட 'குருவான்' அமைப்பு, ஒவ்வொரு அளவீட்டுடனும் பிழை வரம்பையும் சேர்த்தே பதிவுசெய்கிறது.