அப்பா கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல சார்!

மக்களே, இது புலம்பல் பதிவு இல்லை, கோபப் பதிவு.

பெங்களூர்ல பொட்டி தட்டிக்கிட்டு இருந்தப்ப காரைக்கால்லேர்ந்து போன். அப்பாவுக்குப் பக்கவாதம். பத்து நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. டிஸ்சார்ஜ் சம்மரியில கை, கால், பி.பி., சுகர் எல்லாம் இருந்துச்சு. பார்வையைப் பத்தி ஒரு வரி இல்லை.

வீட்டுக்கு வந்த அப்பா பேப்பரை எடுத்தா வரியோட நடுவுலேர்ந்து படிக்கிறார். இடது பக்க நிலையில இடிச்சுக்கிறார். "பவர் மாறியிருக்கும் தம்பி"ன்னாங்க கண்ணாடிக் கடையில. ரெண்டு தடவை மாத்தினோம். அப்புறம் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வர்றப்ப ஜனங்க மாம்பழம் எறிவாங்க, தெரியும்ல? இடது பக்கமா வந்த பழம் நெத்தியில பட்டப்புறம்தான் அப்பாவுக்கே தெரிஞ்சுது. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வரலை.

நடுவுல தமிழ்நாட்டைத் தாண்டி சுமார் 130 கிலோமீட்டர், பாண்டிக்குப் போனோம். அங்கே நரம்பியல் டாக்டர் சொன்னார்: ஹெமியனோபியா. பார்வையைப் புரிஞ்சுக்கறது பின்மண்டை மூளை. வலது பக்கம் அடிபட்டா ரெண்டு கண்ணுக்குமே இடது பாதி போயிடும். இருட்டாக்கூட தெரியாது, அதனால பாதி காணோம்னு நோயாளிக்கே உறைக்காது. இதுக்கு எந்தக் கண்ணாடிக் கடை பவரும் உதவாது.

அபூர்வமான வியாதியோன்னு நினைக்காதீங்க. 2019ல வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒண்ணுல, பக்கவாதம் வந்தவங்கள்ல சுமார் 60 சதவீதம் பேருக்குப் புதுசா ஏதாவது பார்வைக் கோளாறு இருந்துச்சு.

என் கோபம் என்னன்னா, இதைக் கண்டுபிடிக்க மெஷினே வேண்டாம். எதிர்ல உக்காந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, ஓரத்துல விரலை ஆட்டிப் பாக்கணும். ரெண்டு நிமிஷ வேலை. கை காலை அசைக்கச் சொல்ற டாக்டருக்கு இந்த ரெண்டு நிமிஷம் இல்லையா?

போன பாதி பெரும்பாலும் முதல் சில மாசத்துல வந்தாத்தான் உண்டு. "பார்வையையே மீட்டுத் தர்றோம்"னு கம்ப்யூட்டர் பயிற்சி விக்கிறவங்க கிட்ட உஷாரா இருங்க. 2019 காக்ரேன் தொகுப்பாய்வு அதுக்குப் போதுமான ஆதாரம் இல்லைன்னுடுச்சு. ஆனா பழகிக்கலாம். தலையையும் கண்ணையும் வேணும்னே இடது பக்கம் திருப்பித் தேடுற பயிற்சி, பேப்பரோட இடது ஓரத்துல சிவப்புப் பட்டை. இப்ப அப்பா வரியை முதல்லேர்ந்து படிக்கிறார். பைக் சாவியை மட்டும் நான் எடுத்து வெச்சுட்டேன்.

இதை முதல் வாரமே யாராவது சொல்லியிருந்தா ரெண்டு கண்ணாடிக் காசு மிச்சம். அந்த மாம்பழ அடியும் மிச்சம். உங்க வீட்டுல யாருக்காவது பக்கவாதம் வந்தா, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி "பார்வைப் புலம் பாத்தீங்களா?"ன்னு கேளுங்க. முறைச்சாலும் கேளுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. திடீர்னு பாதி பார்வை போனா இந்தப் பதிவைப் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.