சுகர் மாத்திரைக்கு மதுரை எதற்கு?

காய்ச்சல், சளி, பிள்ளைக்குத் தடுப்பூசி என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். சுகர், பிரஷர் என்று ஆகிவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி. இப்படி ஒரு கணக்கு நம் ஊர்களில் ஊறிப்போயிருக்கிறது. படித்தவர், படிக்காதவர், கையில் காசுள்ளவர், வட்டிக்கு வாங்கிப் போகிறவர் எல்லோரும் இதில் ஒரே கட்சி. நாள்பட்ட நோய் என்றாலே தூரமாகப் போக வேண்டும், நிறையச் செலவழிக்க வேண்டும், பேர்பெற்ற டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் வைத்தியம் பார்த்ததாக மனசு ஒப்புக்கொள்ளும். இந்த நம்பிக்கை கால் விரல்களைப் பறிக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, ஐம்பது வயதில் ஆளைப் பக்கவாதத்தில் சாய்க்கிறது. அதனால்தான் இதைக் கடுமையாகவே எதிர்த்து எழுதுகிறேன்.

கமுதிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். சீமைக்கருவேல விறகை வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலை. பல வருஷமாகச் சுகரும் பிரஷரும். அவருக்கு வைத்தியம் மதுரையில், ஒரு தனியார் மருத்துவமனையில். விடியுமுன் வெறும் வயிற்றோடு முதல் பஸ். போய் டோக்கன் போட்டு, ரத்தம் கொடுத்து, இட்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வந்து, டாக்டர் அறைக்குள் போனால் சில நிமிஷப் பேச்சு. மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது இருட்டிவிடும். அன்றைய கூலி போச்சு. துணைக்குப் போன மகனின் கூலியும் போச்சு. மாதாமாதம் வரச் சொல்லியிருந்தார்கள்; இவரால் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் முடிந்தது. இடையில் மாத்திரை தீர்ந்துவிடும் என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்வார். ஒருநாள் மூட்டத்தில் காலில் கரித்துண்டு கிழித்தது. உணர்ச்சி செத்த பாதம், வலிக்கவில்லை. புண் கறுத்து நாற்றம் எடுத்த பிறகுதான் பார்த்தார்கள். விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் துணை சுகாதார நிலையம் இருக்கிறது. சில கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம். "ஏன்க்கா, அங்க போயிருக்கலாமே?" என்று கேட்டேன். "அது கவர்மெண்டு மாத்திரப்பா. நமக்குக் கேக்காது" என்றார். மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். கம்பெனிப் பெயர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு அம்லோடிபைன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுப்பதும் மெட்ஃபார்மின்தான், அம்லோடிபைன்தான்.

'கவர்மெண்டு மாத்திரை வீரியம் இல்லாதது' என்ற பேச்சு நம்மிடையே சாதாரணமாகப் புழங்குகிறது. நம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கப்பட்டது. டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குவதால் விலை அடிமட்டத்துக்கு இறங்குகிறது. வந்து சேரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனிச் சரக்கு என்று ஆய்வகத்துக்குத் தெரியாதபடி மறைத்து அனுப்பி, தேறிய பிறகுதான் வெளியே விடுகிறார்கள். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. நாமோ பளபளக்கும் அட்டையையும் கொடுத்த விலையையும் வைத்து வீரியத்தை எடை போடுகிறோம். உள்ளூர் மாடு விலை போகாது என்ற பழமொழிக்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சுகரும் பிரஷரும் ஒருமுறை பெரிய வைத்தியம் பார்த்துத் தீர்த்துக்கொண்டு வருகிற நோய்கள் இல்லை. தினமும் மாத்திரை, மாதம் ஒருமுறை அளவு பார்த்தல், அவ்வப்போது பாதத்தையும் சிறுநீரையும் சோதித்தல், இது ஆயுசு முழுக்கத் தொடர வேண்டும். டாக்டரின் கெட்டிக்காரத்தனம் இதில் ஒரு பங்குதான். மாத்திரை இடைவெளி விழாமல் கைக்கு வந்து சேர்கிறதா என்பது பெரும்பங்கு. 2020-ல் தமிழ்நாட்டில் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பு ஒன்று இதைக் காட்டிக்கொடுத்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம். நூறு பேரில் தொண்ணூறு பேருக்குக் கைமீறிக் கிடக்கிறது! பல்நோக்கு மருத்துவமனைகள் முளைத்துக்கொண்டே இருக்கிற மாநிலத்தில்தான் இந்த நிலைமை. பெரிய மருத்துவமனைகள் பெருகினால் சுகர் அடங்கும் என்றால் இந்நேரம் அடங்கியிருக்க வேண்டும்.

நீண்டகால நோயைப் பெரிய இடத்தில்தான் பார்க்க வேண்டும் என்ற நம்பிக்கையை உலகத்திலேயே முதன்முதலாக ஆதாரத்தோடு உடைத்த ஊர்களில் ஒன்று நம் சென்னை. அந்த வரலாற்றை நாமே மறந்துவிட்டோம். 1950-களில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முட்டை, பால், முழு ஓய்வு, மாதக்கணக்கில் படுக்கை. இவை இல்லாமல் காசநோய் தீராது என்று மருத்துவ உலகமே நம்பியது. படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையத்தைத் தொடங்கின. நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த ஏறக்குறைய 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம். மறுபாதிக்கு அவரவர் வீடு. இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு.

வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டம். ஓய்வு குறைவு. ஒரே அறையில் குடும்பமே படுத்துக்கிடந்தது. ஆனாலும் 1959-ல் முடிவு வெளிவந்தபோது, சானடோரியத்தில் குணமானவர்களுக்கும் வீட்டில் குணமானவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்தால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தையும் ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்துப் பொய் என்று காட்டினார்கள். அந்த ஆய்வுக்குப் பிறகுதான் உலகம் சானடோரியங்களைக் கைவிட்டு வீட்டுச் சிகிச்சைக்குத் திரும்பியது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மருந்தைக் கொடுத்துவிட்டு அந்த மையத்தார் சும்மா இருந்துவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். விட்டவர்களை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். நோயாளியின் வாசல்படி தெரிந்த ஆள், அவர் மாத்திரை போட்டாரா என்று கேட்கிற ஆள், அதுதான் அங்கே வைத்தியத்தின் முதுகெலும்பு. அப்படியொரு ஆளை மதுரையிலோ சென்னையிலோ இருக்கிற எந்தப் பெரிய மருத்துவமனையாலும் கமுதிப் பக்கத்துக் கிராமத்துக்கு அனுப்ப முடியாது. துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவால் முடியும்.

பிரஷருக்கும் இது பொருந்துமா என்று கேட்பவர்கள் இலங்கையைப் பார்க்கலாம். இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறப் பகுதிகளில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. அரசு சுகாதாரப் பணியாளர்களே வீடு தேடிப் போய் பிரஷர் பார்த்து, ஆலோசனை சொல்லி, தேவைப்பட்டவர்களை உள்ளூர் மருத்துவரிடம் அனுப்பிய இடங்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் நடந்த இடங்களைவிட மேல் அளவு சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. 5 புள்ளிதானா என்று தோன்றலாம். ஊர் முழுக்க அந்த அளவு இறங்கினால் எத்தனையோ வீடுகளில் பக்கவாதம் தவிர்க்கப்படும்.

தமிழ்நாடு இதைத் தெரியாமல் இல்லை. 2007-லேயே சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் பிரஷர் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் முன்னோட்டமாகச் செய்து பார்த்து, 2012 முதல் சுகரையும் சேர்த்து மாநிலம் முழுவதும் கொண்டுவந்தார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. 2024-ல் ஐ.நா. பணிக்குழுவின் விருது இதற்குக் கிடைத்தது. ஆட்சி எதுவானாலும் கட்டியெழுப்பப்பட்ட ஏற்பாடு இது. நம் வரிப்பணத்தில் நடப்பது.

"எல்லாம் பேப்பரில் நன்றாகத்தான் இருக்கும். போனால் மாத்திரை இல்லை என்பார்கள், டாக்டர் இல்லை என்பார்கள், எரிந்து விழுவார்கள்" என்று சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. சில இடங்களில் பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். சில இடங்களில் மத்தியானத்துக்கு மேல் டாக்டரைப் பார்க்க முடியாது. வீடு வீடாக அலைகிற அந்தப் பெண்களுக்குக் கொடுக்கிற ஊக்கத்தொகையும் சொற்பம்தான். ஆனால் கேட்டுப் பழகியவர்கள், சத்தம் போடத் தெரிந்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் ஒட்டுமொத்தமாக வெளியேறிவிட்ட இடம் எப்படித் திருந்தும்? வாத்தியார், ஊராட்சித் தலைவர், வங்கி அலுவலர் ஆகியோரும் அங்கே வரிசையில் நின்று மாத்திரை வாங்கினால், மாத்திரை தீர்ந்துபோன செய்தி அன்றைக்கே கலெக்டர் ஆபீஸை எட்டும். கூலிக்காரர்கள் மட்டும் நின்றால் எட்டாது.

பெரிய மருத்துவமனையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நெஞ்சுவலி, திடீரென்று வாய் கோணுவது, கை விளங்காமல் போவது என்றால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். குழந்தைக்கு வருகிற சர்க்கரை நோய்க்கு அனுபவமுள்ள நிபுணர் தேவை. சுகர் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் கண் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மாதாமாத மாத்திரைக்கு மட்டும் அந்தப் பயணம் வேண்டாம். டயாலிசிஸில் இருப்பவர்களின் பாடு இன்னும் மோசம். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடக்க வேண்டியவர்கள் அவர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பல தாலுகா மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் வசதி இருப்பது தெரியாமலே, வாடகைக் காரில் நகரத்துக்குப் போய்வந்து நிலத்தை விற்ற குடும்பங்கள் உண்டு.

அவர்களுக்கு அதை யார் சொல்லியிருக்க வேண்டும்? என் கோபமெல்லாம் இங்கேதான். பெரிய மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டிஸ்சார்ஜ் தாள் கொடுக்கிறார்கள். பக்கம் பக்கமாக ஆங்கிலம். கடைசியில் ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லி ஒரு வரி. எங்கே வர வேண்டும்? அதே மருத்துவமனைக்கு. அந்த நோயாளி எந்த ஊர், அங்கே எந்த ஆரம்ப சுகாதார நிலையம், இந்த மாத்திரைகளில் எவையெவை அங்கே இலவசமாகக் கிடைக்கும், பாதத்தை யார் பார்ப்பார்கள் என்பதற்கு அந்தத் தாளில் ஓர் இடம்கூடக் கிடையாது. தனியார் மருத்துவமனைகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். கீழிருந்து மேலே அனுப்பச் சீட்டு இருக்கிறது. மேலிருந்து கீழே அனுப்புகிற பழக்கம் நம்மிடம் வேரூன்றவே இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் பாரத்தை, காலில் புண்ணோடு படுத்திருப்பவர் தலையில் சுமத்திவிட்டு, 'மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று மேடையில் பேசுவது அநியாயம்.

மருத்துவர்களே, டிஸ்சார்ஜ் தாளின் அடியில் தமிழில் இரண்டு வரி சேருங்கள். நோயாளி எந்தச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், என்னென்ன மாத்திரை வாங்க வேண்டும் என்று மருந்தின் உண்மைப் பெயரோடு எழுதுங்கள். அரசு இதைக் கட்டாயமாக்கட்டும். இதற்குப் புதுத் திட்டமோ புதுக் கட்டடமோ வேண்டியதில்லை.

வீட்டில் சுகர், பிரஷர் உள்ளவர்கள் இருந்தால், கையிலுள்ள மாத்திரை தீர்வதற்குள் பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஒருமுறை உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அது எங்கே என்று தெரியாவிட்டால் அங்கன்வாடியில் கேளுங்கள், இல்லை 104-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள். பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மாத்திரை வீட்டுக்கு வருமா, மாதம் எந்த நாளில் ரத்தம் பார்ப்பார்கள், கண்ணுக்கும் பாதத்துக்கும் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினால் மதுரைக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். அடுத்து வருகிற கிராம சபையில் எழுந்து நின்று, எங்கள் ஊர் சுகர் மாத்திரை எங்கே போயிற்று என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.