கேமராவை எப்போது மாற்றுவது?

பண்டிகைக் காலம் நெருங்கினால் எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்குள்ளும் ஒரு விவாதம் தொடங்கிவிடும். நன்கொடையாகக் கொஞ்சம் பணம் வந்திருக்கும். கடைகளில் எக்ஸ்சேஞ்ச் சலுகை ஓடிக்கொண்டிருக்கும். பழைய கேமராவைக் கொடுத்துவிட்டுப் புது மிரர்லெஸ் வாங்கிவிடலாமா என்று ஒரு தோழர் கேட்பார். வன்கொடுமை நடந்த ஊர்களுக்கு உண்மை அறியப் போகிற குழுக்கள் இதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது.

'நமக்கு இது போதும்' என்ற பேச்சில் எங்களுக்கு உடன்பாடில்லை. காலனிக்குப் பழையதும் மிச்சமும்தான் என்று ஊர் வைத்திருக்கும் கணக்கை நாமும் ஏன் போட வேண்டும்? தேவை இருந்தால் நல்ல கருவியையே வாங்குவோம். அந்தத் தேவை எது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

அதற்கு ஒரு எளிய வழி உண்டு. கடைசியாகப் போய்வந்த பத்து ஊர்களின் பதிவுகளை எடுத்துவைத்து, எவை பயன்படவில்லை, ஏன் பயன்படவில்லை என்று எழுதிப் பாருங்கள். இருட்டு வீட்டுக்குள் எடுத்த முகம் கலங்கியிருந்தால், கேமராவோடு வந்த லென்ஸைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பாதிக்கப்பட்டவரின் பேச்சு காற்றில் அடிபட்டிருந்தால் வேண்டியது காலர் மைக். பாதியில் நின்றிருந்தால் இன்னொரு பேட்டரி. தேதியும் நேரமும் தப்பாக இருந்தால் செலவே இல்லை, மெனுவில் திருத்தினால் போதும். இத்தனைக்குப் பிறகும் இரவில் முகம் தெரியவில்லை, ஷட்டர் அடிக்கடி சிக்குகிறது, பழுதுபார்க்க உதிரிபாகம் கிடைக்கவில்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

2015-ல் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் வழக்கை நினைத்துப் பாருங்கள். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் சிசிடிவி பதிவு அதில் முக்கியச் சான்றாக இருந்தது. யுவராஜ் உள்ளிட்டோருக்கு 2022-ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. விலை உயர்ந்த கேமரா எடுத்த படமல்ல அது. பதிவானதும் அழியாமல் நீதிமன்றம் வரை வந்து சேர்ந்ததும்தான் அதன் பலம்.

அதனால்தான் எக்ஸ்சேஞ்ச் சலுகையைப் பார்த்தால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவைச் சான்றாகக் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் தர வேண்டும். எந்தக் கருவியில் பதிவானது, அதன் மாடல் என்ன, வரிசை எண் என்ன என்று அதற்கான படிவம் கேட்கிறது. கோப்பின் விரல் ரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. கேமராவைக் கடையில் கொடுத்துவிட்டு, மெமரி கார்டையும் அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டால், குறுக்கு விசாரணையில் எதைக் காட்டுவோம்?

நம் வழக்குகள் சீக்கிரம் முடிவதும் இல்லை. மேலவளவுப் படுகொலை நடந்தது 1997-ல். உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2009-ல். இந்த 12 ஆண்டுகளில் ஃபிலிம் காலமே முடிந்து டிஜிட்டல் வந்துவிட்டது. கேமரா சந்தை ஓடும் வேகம் வேறு, நீதி நடக்கும் வேகம் வேறு. நாம் நீதியின் வேகத்துக்குத்தான் பொருளைப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே பணம் வந்தால் முதலில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். இரண்டையும் வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனி மெமரி கார்டு வைத்து, உறையில் தேதி எழுதி எடுத்துவையுங்கள். அடுத்து லென்ஸ், மைக். கேமரா கடைசியில். புதியது வாங்கினாலும் பழையதை விற்காதீர்கள். அதில் பதிவான கடைசி வழக்கு முடியும்வரை அது நம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

சலுகை அடுத்த தீபாவளிக்கும் வரும். எரிந்த வீட்டை மறுபடி படம் எடுக்க முடியாது.