குஞ்சு பொரிக்க வைப்பது ஈஸி... அப்புறம்? சிக்லிட் மீன் வளர்ப்பவர்கள் மறக்கும் ஒரு கேள்வி

ஹாலில் மூன்றடி கண்ணாடித் தொட்டி. உள்ளே ஒரு ஜோடி கான்விக்ட் சிக்லிட், உடம்பெல்லாம் வரிக்குதிரை மாதிரி கறுப்புக் கோடுகள். ஒருநாள் காலையில் பார்த்தால், தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த மண்சட்டியில் முட்டைகள். பத்து நாளில் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக 100, 200 குஞ்சுகள் நீந்துகின்றன. அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கமும் காவல். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காமல் யாரால் இருக்க முடியும்?

எல்லாம் சரி. ஆனால் சில மாதங்களில் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, தொட்டி நிரம்பி, ஒன்றையொன்று கடிக்க ஆரம்பித்ததும் அவை எங்கே போகும்? ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் போல மலையடிவாரத்தில், கண்மாய்களுக்கு நடுவே இருக்கும் ஊர்களில் இது சாதாரணக் கேள்வி இல்லை.

சிக்லிட் ஏன் ஸ்பெஷல்?

பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதோடு தன் வேலை முடிந்தது என்று போய்விடும். சிக்லிட் அப்படி இல்லை. கான்விக்ட், ஏஞ்சல், ஆஸ்கர் போன்றவை கல்லிலோ இலையிலோ முட்டையிட்டு, ஜோடியாகக் காவல் காக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களில் தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே அடைகாக்கும். சுமார் மூன்று வாரம் அது சரியாகச் சாப்பிடக்கூட செய்யாது. டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு முதல் உணவே பெற்றோரின் தோலில் சுரக்கும் வழவழப்புதான்.

குஞ்சுகளைக் காப்பாற்றுவதும் பெரிய வித்தை இல்லை. வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கரு தீரும்வரை இரை தேவையில்லை. நீந்தத் தொடங்கியதும் புதிதாகப் பொரித்த ஆர்டீமியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்குப் பல முறை போட வேண்டும். வேகமாக உறிஞ்சும் ஃபில்டர் குஞ்சுகளையும் இழுத்துவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் பாதுகாப்பு. மீந்த இரையால் தண்ணீரில் அம்மோனியா ஏறும். அதனால் அடிக்கடி கொஞ்சம் தண்ணீரை மாற்ற வேண்டும், அதுவும் குளோரின் நீக்கிய தண்ணீராக இருக்க வேண்டும்.

அதாவது, பாதி வேலையைப் பெற்றோர் மீன்களே பார்த்துக்கொள்ளும். பிரச்சினை தொடங்குவதும் இங்கேதான்.

‘பாவம், கண்மாயில விட்டுடலாம்’

கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். நண்பர்களுக்கும் கொடுத்தாயிற்று. கொல்ல மனசு வரவில்லை. கண்மாயில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றும். செய்பவரைப் பொறுத்தவரை அது இரக்கம்தான். ஆனால் முட்டையையும் குஞ்சையும் இப்படிக் காக்கும் மீன் வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் நம்ம ஊர்ச் சந்தையிலேயே இருக்கிறது. அதுதான் ஜிலேபி.

ஜிலேபியும் ஒரு சிக்லிட்தான். மொசாம்பிக் திலாப்பியா என்ற அந்த ஆப்பிரிக்க மீன், உணவுக்காக வளர்க்கலாம் என்று 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வாயில் அடைகாக்கும் மீன் இது. இரண்டு மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும், வருஷத்தில் பல முறை குஞ்சு பொரிக்கும். விஷயம் கைமீறுவதைப் பார்த்து, 1959-ல் இதைப் பரப்பத் தடை வந்தது. பலன் இல்லை. இன்று ஜிலேபி இல்லாத கண்மாயைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலிலும் அது இருக்கிறது.

‘ஜிலேபி மலிவான மீன், எத்தனையோ வீட்டில் குழம்புக்கு அதுதானே?’ என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே கண்மாயில் அயிரையும் கெளுத்தியும் விராலும் வாழ வேண்டும். இரையும் இடமும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கான்விக்டும் ஃபிளவர்ஹார்னும் குழம்புக்கும் ஆகாது, போட்டியை மட்டும்தான் கூட்டும்.

ஒரு கண்மாயோடு நிற்காது

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஒரு கண்மாயை நிரப்பி, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கடைசியில் வைப்பாறு. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால், ஒரு கண்மாயில் விட்ட மீன் அடுத்த ஊர்க் கண்மாய்க்கும் போய்ச் சேரும். குளிர்நாடுகளில் இப்படி வெளியே விடும் வெப்பமண்டல மீன்கள் பெரும்பாலும் பனிக்காலத்தைத் தாண்டாது. நம்ம ஊர்த் தண்ணீரில் அந்தத் தடையும் இல்லை. 2018 கேரள வெள்ளத்தில் வளர்ப்பு இடங்களிலிருந்து தப்பிய தென் அமெரிக்க அரபைமா மீன்கள் அங்குள்ள ஆறுகளில் வலையில் சிக்கின. அது விபத்து. பையைத் திறந்து கண்மாயில் கொட்டுவது விபத்து இல்லை.

என்ன செய்யலாம்?

சிக்லிட் வளர்ப்பதே தப்பு என்பதல்ல வாதம். குஞ்சுக்கு வழி தெரியாமல் ஜோடி சேர்ப்பதுதான் தப்பு. அழகுக்காக மட்டும் வளர்ப்பவர்கள் ஒற்றை மீனோடு நிறுத்திக்கொள்ளலாம். முட்டை வந்துவிட்டால், குஞ்சு வெளிவரும் முன்பே எடுத்துவிடலாம். பொது தொட்டி என்றால் குஞ்சுகளைத் தனியாகப் பிரிக்காமல் விட்டாலே போதும். மற்ற மீன்கள் தின்று எண்ணிக்கை குறைந்துவிடும். கேட்கக் கொடூரமாக இருக்கலாம், ஆனால் இயற்கையில் நடப்பதும் அதுதான். வளர்த்தே தீருவேன் என்பவர்கள், எத்தனை குஞ்சுகளை, எந்த அளவில் எடுத்துக்கொள்வார்கள் என்று கடைக்காரரிடம் முதலிலேயே பேசி வைக்க வேண்டும்.

கடைகளுக்கும் பொறுப்பு உண்டு. ஜோடியை விற்கும்போதே, ‘வேண்டாம்னா திருப்பிக் கொண்டு வாங்க, கண்மாயில விடாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அதற்குச் செலவே இல்லை. 70 வருஷம் ஆகியும் ஜிலேபியைக் கண்மாயிலிருந்து திரும்ப எடுக்க யாராலும் முடியவில்லை என்பதை நினைத்தால், அந்த ஒரு வார்த்தையின் மதிப்பு புரியும்.